இந்த வருஷத்துக் குஞ்சு

அன்று காலையும் ஒன்று விழுந்து கிடந்தது.

கூண்டின் சிமெண்டுத் தரையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், நீளமான ஒரு பழுப்பு இறகு. எங்கிருந்து வந்த இறகு என்று அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தண்டின் நடுவில் அவள் போட்ட ஒட்டு மெல்லிய வளையமாகத் தெரிந்தது. மூங்கிலைச் சீவி ஊசியாக்கி, இந்தத் தண்டுக்குள் பாதியும் அந்தத் தண்டுக்குள் பாதியும் செருகி, பக்கத்து இறகில் பசை படாமல் இடையில் காகிதம் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டிய இறகு. அதைக் குனிந்து எடுத்தபோது, கையை உதறிவிட்டு எங்காவது கண்காணாத இடத்துக்குப் போய்விடலாமா என்றிருந்தது அவளுக்கு.

"இன்னிக்கும் ஒண்ணு போச்சா?" என்று கேட்டார் மீன் வெட்டுகிறவர். பறவைகளுக்கு மீன் நறுக்குவதுதான் அவர் வேலை. நறுக்குவதோடு வாயும் ஓயாது.

"போச்சு."

"பசையை மாத்திப் பாரு இறகு அக்கா. என் செருப்பைத் தைச்ச ஆள்கிட்ட ஒரு பசை இருக்கு. செருப்பு கிழியும், ஒட்டு விடாது."

பசையில் குறை இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

துறைமுகத்துக்குப் பின்னால், படகு பழுது பார்க்கும் பழைய கொட்டகையைத் தடுத்து உண்டாக்கிய பறவைக் காப்பகம் அது. எண்ணெயில் விழுந்தவை, வலையில் சிக்கியவை, வண்டியில் அடிபட்டவை எல்லாம் அங்கேதான் வரும். இறகு அக்கா முதலில் கூண்டு கழுவத்தான் வேலைக்குச் சேர்ந்தாள். உதிர்ந்த இறகுகளைக் குப்பையில் போட மனம் வராமல், இடது இறக்கை, வலது இறக்கை என்று பிரித்து நீளவாரியாகப் பெட்டிகளில் அடுக்கி வைத்தாள். அதைப் பார்த்த மருத்துவர், ஒடிந்த இறகுக்குப் பதில் இறகு ஒட்டும் வித்தையைக் கற்றுக்கொடுத்தார். பிறகு அவரைவிட அவள் கை நிதானமானது. அவள் ஒட்டிய இறகோடு பறந்து போன பறவைகள் ஏராளம். அவள் வீட்டுக்காரருக்கு மட்டும் இதில் ஒரு மனக்குறை. "ஊர்ப் பறவைக்கெல்லாம் இறகு ஒட்டுறே. என் சட்டையில பொத்தான் போய் மாசக்கணக்காச்சு" என்பார்.

இந்தப் பறவையைக் கொண்டுவந்து கொடுத்தவள் அவளுடைய சொந்தத் தங்கை.

கோடை தொடங்கி, கூரைகளிலும் பாறைகளிலும் பிறந்த கடற்காகக் குஞ்சுகள் கூட்டைவிட்டுத் தத்தித் தத்தி இறங்குகிற பருவம். தையல் கடை வைத்திருக்கும் தங்கை, ஓர் அட்டைப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு காப்பகத்து வாசலில் வந்து நின்றாள்.

"வாசல்ல கிடந்துச்சுக்கா. யாரோ இறக்கையைக் கத்தரிச்சு விட்டிருக்காங்க. போன வாரம்தான் பார்த்தேன்."

"போன வாரம் பார்த்ததை இன்னிக்குக் கொண்டு வர்றியா?"

"வேலை இருந்துச்சுக்கா."

இறகு அக்கா பெட்டியைத் திறந்தாள். கோழி அளவில் ஒரு கடற்காகம் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மிரளாமல், வாயைத் திறந்து சோறு கேட்பதுபோல் ஒரு கத்துக் கத்தியது. பறக்கிற இறகுகள் இரண்டு பக்கமும் பாதியில் நின்றன. உள்ளே இருந்து மருத்துவர் கேட்டார், "என்ன வயசும்மா?"

"இந்த வருஷத்துக் குஞ்சு டாக்டர்" என்றாள் அவள். இரண்டாவது தடவை பார்க்கவில்லை.

கடற்காகத்துக்கு வயது பார்ப்பது லேசுப்பட்ட காரியமல்ல. பெரியவற்றைப்போல வெள்ளையும் சாம்பலுமாக மாற அதற்கு நான்கு வருடம் பிடிக்கும். அதுவரை போடுகிற வேஷம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரே கூட்டில் பிறந்த இரண்டில் ஒன்று மறுவருடமே முதுகில் சாம்பல் பூசிக்கொள்ளும். மற்றது குழந்தைச் சட்டையைக் கழற்றமாட்டேன் என்று அடம்பிடித்துப் பழுப்பிலேயே திரியும். ஒன்றுக்கு அலகின் அடி வெளுக்கும். இன்னொன்றுக்கு நுனிவரை கரியாகவே இருக்கும். இறகு அக்கா நம்பியதெல்லாம் வெயிலைத்தான். கடல் வெயிலில் ஒரு வருடம் இருந்த இறகு, கொடியில் மறந்துபோன சட்டைபோல வெளுத்து, ஓரம் நைந்து போயிருக்கும். இதுவோ அப்போதுதான் கடையிலிருந்து வந்ததுபோல அடர்ந்த பழுப்பாக, ஓரம் குலையாமல் இருந்தது. இந்த வருஷத்துக் குஞ்சு என்பதில் அவளுக்குச் சந்தேகமே எழவில்லை.

அப்படி இருந்தால் கணக்கு சுலபம். இந்த வருடம் பிறந்தது, தன் பறக்கும் இறகுகளை அடுத்த கோடைக்குத்தான் உதிர்க்கும். அதுவரை ஒட்டிய இறகு அசையாமல் நிற்கும். அதற்குள் பறவை பறந்து, கடலைப் பார்த்துப் போய், தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். அவள் பெட்டியைத் திறந்து அளவான இறகுகளாகத் தேர்ந்தெடுத்து, ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து ஒட்டினாள். முடித்து நிமிர்ந்தபோது இடுப்பு நிமிரவில்லை. ஆனால் பறவை தன் இறக்கையை விரித்து, இதென்ன புதுசாக இருக்கிறது என்பதுபோல் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அன்று அவள் வீட்டுக்குப் போய்ப் பொத்தானும் தைத்துக் கொடுத்தாள்.

பிறகுதான் உதிர ஆரம்பித்தது.

முதல் இறகு விழுந்தபோது பசையைத் திட்டினாள். வேறோர் இறகை எடுத்து அந்த இடத்தில் ஒட்டலாம் என்று பார்த்தால், ஒட்டுவதற்கு அங்கே அடித்தண்டே இல்லை. விழுந்ததை எடுத்துப் பார்த்தாள். ஒட்டு அப்படியே இருந்தது. பறவையின் சொந்தத் தண்டு வேரோடு கழன்று வந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனாள்.

மருத்துவர் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவர் கத்திப் பேசுகிறவர் அல்ல. அதனாலேயே அவர் சொன்னது இன்னும் கனமாக இறங்கியது.

"இந்த வருஷத்துக் குஞ்சுக்கு இப்ப இறகு விழக்கூடாது. விழுதுன்னா வியாதி. இறகை வேரோட தள்ளுற வியாதி ஒண்ணு இருக்கு, பக்கத்துல இருக்கிறதுக்கெல்லாம் ஒட்டிக்கும். இந்தப் பக்கம் எத்தனை குஞ்சு இருக்குன்னு உனக்கே தெரியும்."

"தெரியும் டாக்டர்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம். நிக்கலேன்னா ஊசி போட்டு முடிச்சுடலாம். எனக்கும் ஆசையில்லை."

அவர் சொன்னது நியாயம். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அநியாயம் என்றால் சண்டை போடலாம். நியாயத்தோடு என்ன சண்டை போடுவது. பறவையோ ஒன்றும் அறியாமல் அவளைக் கண்டதும் ஓடிவந்து, அவள் காலணி நுனியைக் கொத்தி, வாயைத் திறந்து கத்தியது. "கத்தாதே" என்றாள் அவள். "உன் தலையில என்ன எழுதியிருக்குன்னு தெரியாம கத்தாதே." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை அவள் வேலையே ஓடவில்லை. விழுந்த இறகுகளையெல்லாம் மேசையில் பரப்பி வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீன் வெட்டுகிறவர் எட்டிப் பார்த்தார்.

"சீட்டுக் கட்டா? ஜோடி சேர்க்கிறியா?"

அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். அவளுக்குச் சுருக்கென்றது. ஜோடிதான். இடது இறக்கையில் விழுந்த அதே இடத்து இறகு வலது இறக்கையிலும் விழுந்திருந்தது. உள்ளிருந்து வெளியே, வரிசை தவறாமல். வியாதி இப்படியா வரிசையில் நின்று விழும்? கண்டபடி அல்லவா பிய்த்துப் போடும்? இது இறகு மாறுகிற முறை. ஆனால் இந்த வருஷத்துக் குஞ்சுக்கு இறகு மாறாது. மாறாது என்றால் வியாதி. வியாதி என்றால் வரிசையில் விழாது. செக்குமாடு மாதிரி அதையே சுற்றிச் சுற்றி வந்து அவள் தலை வலித்துப்போனது.

போய்ப் பறவையை மறுபடி தூக்கினாள். துணியால் தலையை மூடி, மல்லாத்தி, ஒவ்வோர் அங்குலமாகப் பார்த்தாள். உதிர்ந்த இடத்தில், நீல நிற உறைக்குள், குருத்து இறகுகள் முளைவிட்டிருந்தன. தொட்டால் வெதுவெதுவென்று இரத்தம் ஓடுவது தெரிந்தது. பிறகு கால்களைத் திருப்பினாள். உள்ளங்கால்கள் வீங்கி, நடுவில் தோல் காய்ப்புக் காய்ச்சிக் கெட்டியாகக் கிடந்தன. வந்த அன்றும் அதைப் பார்த்தாள். ரோட்டில் அலைந்ததால் என்று நினைத்து மருந்து தடவிவிட்டு மறந்துபோனாள். ரோட்டில் ஒரு வாரம் அலைந்தால் வருகிற காய்ப்பா இது? வழவழப்பான தரையில், மண்ணும் தண்ணீரும் இல்லாமல், மாதக்கணக்கில் நின்றால்தான் இப்படி வரும். வீட்டில் வளர்த்துவிட்டுக் கைவிட்ட பறவைகளிடம் எத்தனை பார்த்திருக்கிறாள்.

வீடு. வெயில் படாத வீடு. வெயில் படாவிட்டால் இறகு எங்கே வெளுக்கும்?

அது இந்த வருஷத்துக் குஞ்சு அல்ல. போன வருஷத்தது. இருட்டறையில் நிறம் மங்காமல் இருந்துவிட்டு, இங்கே வெயிலும் நல்ல மீனும் கிடைத்ததும், தள்ளிப்போட்ட இறகு மாற்றத்தை இப்போது ஆரம்பித்திருக்கிறது. உதிர வேண்டிய தண்டில் போய் உட்கார்ந்து ஒட்டுப் போட்டிருக்கிறாள், இத்தனை வருட அனுபவத்தோடு. கூண்டு கழுவ வந்த முதல் நாளில்கூட இப்படி ஒரு தப்புச் செய்ததில்லை.

வெட்டுப்பட்ட தண்டுகளை நினைத்துப் பார்த்தாள். சமையலறைக் கத்தரி என்றால் நசுங்கியிருக்கும். இந்த வெட்டோ ஒரே இழுப்பில், தையல் கத்தரியால் துணி வெட்டியதுபோல் நேராக இருந்தது.

தங்கையின் கடையில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிச் சீருடைகள் ஒரு பக்கம் மலையாகக் குவிந்திருந்தன. அக்காவைப் பார்த்ததும் தங்கை இயந்திரத்தை நிறுத்தாமலே, "வாக்கா, உட்காரு, இந்தக் காலரை மட்டும் முடிச்சுடுறேன்" என்றாள்.

"எத்தனை நாளா வச்சிருந்தே?"

"எதை?"

"காலரைக் கேக்கலை."

இயந்திரம் ஓடியது. "வாசல்ல கிடந்துச்சுன்னு அன்னிக்கே சொன்னேனேக்கா."

"சரி. வாசல்ல கிடந்துச்சு. நாளைக்கு அதுக்கு ஊசி போடப்போறாங்க. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

இயந்திரம் நின்றது. தங்கை திரும்பவில்லை. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்கு ஊசி? அது நல்லாத்தானே இருந்துச்சு."

"இறகு விழுது. இந்த வருஷத்துக் குஞ்சுக்கு விழுந்தா வியாதி. போன வருஷத்ததுன்னா வியாதி இல்லை, இயற்கை. எது உண்மைன்னு சொல்றதுக்கு ஊர்ல ஒரே ஒரு ஆள்தான் இருக்கு. அது காலர் தைச்சுக்கிட்டிருக்கு."

தங்கையின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன.

"போன கோடையில மொட்டை மாடியிலேருந்து விழுந்துச்சு. உள்ளங்கை அளவுதான் இருந்துச்சுக்கா, பஞ்சு மாதிரி. ரெண்டு நாள் வச்சுட்டு உன்கிட்ட கொண்டு வரலாம்னுதான் நினைச்சேன்."

"கொண்டு வரலையே."

"காலையில எழுந்ததும் என்னைப் பார்த்து வாயைத் திறந்துச்சு. அவர் போனதுக்கப்புறம் இந்த வீட்டுல என்னைப் பார்த்து வாயைத் திறந்தது அது ஒண்ணுதான்."

தங்கையின் புருஷன் வேலை தேடிப் போகிறேன் என்று போனவன். முதலில் போன் வந்தது, பிறகு குறைந்தது, பிறகு எண்ணே மாறிப்போனது. அதைப் பற்றி அவள் அக்காவிடம் அழுததில்லை. அக்காவும் கேட்டதில்லை, கேட்டால் அழுவாளே என்று கேட்காமல் இருப்பதுதான் பரிவு என்று நினைத்திருந்தாள்.

"பின் அறையில வச்சிருந்தியா?"

"ஆமா. ஜன்னலைத் துணியால மூடி. அக்கம்பக்கத்துக்குத் தெரிஞ்சா உன் காதுக்கு வருமே. காட்டுப் பறவையை வீட்டுல வச்சிருக்கிறவங்களை நீ என்ன பேச்சுப் பேசுவேன்னு எனக்குத் தெரியாதா. அப்புறம் அது பறக்கப் பார்த்துச்சு. ஜன்னல்ல போய் முட்டிச்சு. மறுபடி மறுபடி முட்டிச்சு. பயத்துல எடுத்து வெட்டிட்டேன்."

"அது முட்டுறதுக்குப் பயந்தியா, போயிடும்னு பயந்தியா?"

இறகு அக்காவுக்குக் கோபம் தலைக்கேறி நின்றது. ஓங்கி அறையலாம் போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொள்ளலாம் போலவும் இருந்தது. எதையும் செய்யத் தோன்றாமல் சீருடைக் குவியலிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மடித்து வைத்தாள். மறுபடி ஒன்றை எடுத்து மடித்தாள்.

"வெட்டினப்புறம் முட்டலைக்கா. சத்தமே போடலை. மூலையில போய் நின்னுக்கிட்டு, நான் கூப்பிட்டாலும் திரும்பலை. சாப்பாட்டையும் தொடலை. அதான் தூக்கிட்டு வந்தேன். பெட்டியைத் திறந்து உன்னைப் பார்த்தப்புறம்தான் மறுபடி வாயைத் திறந்துச்சு. உண்மையைச் சொல்ல வாய் வரலை."

"சொல்லியிருந்தா நான் ஒட்டியிருக்கவே மாட்டேன். வெயில்ல விட்டுட்டுச் சும்மா இருந்திருப்பேன். அது தன்னால புது இறகு போட்டிருக்கும்."

"நீ போய் டாக்டர்கிட்ட சொல்லேன்க்கா."

"நான் சொன்னா எப்படி எடுபடும்? வயசு சொன்னதே நான்தான். இப்ப மாத்திச் சொன்னா, பறவை மேல பாசத்துல சொல்றேன்னு நினைப்பார். எனக்கே அப்படித்தான் தோணும். வளர்த்தவ வந்து சொல்லணும். சொன்னா கேள்வி வரும். காட்டுப் பறவையை வச்சிருந்தது குத்தம், மேலே எழுதி அனுப்புவாங்க, கூப்பிட்டு விசாரிப்பாங்க. யோசிச்சுக்கோ."

மறுநாள் காலை மருத்துவர் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தபோது, தங்கை காப்பகத்துக்குள் வந்தாள். கழுத்தில் அளவு நாடா கிடந்தது, கழற்ற மறந்திருந்தாள். அக்காவைப் பார்க்காமல் நேரே மருத்துவரிடம் போய்த் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். மருத்துவர் குறுக்கே பேசாமல் கேட்டார். எப்போது எடுத்தாள், என்ன கொடுத்தாள், அறையில் எவ்வளவு வெளிச்சம், எப்போது வெட்டினாள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். பிறகு கூண்டுக்குள் போய்ப் பறவையின் இறக்கையை விரித்துப் பார்த்தார். தோள்பட்டையில் பழுப்புக்கு அடியில் புது இறகு ஒன்று எட்டிப் பார்த்தது. அதன் நிறம் சாம்பல்.

"ம்" என்றார். கையுறையைக் கழற்றினார்.

இறகு அக்கா முன்னால் வந்தாள். "நான்தான் டாக்டர் தப்பாச் சொல்லிட்டேன்" என்றாள்.

"நானும்தானேம்மா பார்த்தேன்" என்றார் அவர், அலுப்போடு. "இதுங்களுக்குள்ள எது எதை மாதிரி இருக்குன்னு யார் கண்டா. தனிக் கூண்டுல போடு. ஒட்டினது எல்லாம் தன்னால விழும், நீ கை வைக்காதே. குருத்து ஒடிஞ்சா ரத்தம் நிக்காது. புதுசு முழுக்க வளர்றதுக்குக் குளிர் வந்துடும்." பிறகு தங்கையிடம் திரும்பினார். "உங்க பேர்ல எழுதி அனுப்பத்தான் வேணும். எச்சரிக்கையோட விட்டுடுவாங்கன்னு நினைக்கிறேன். இன்னொண்ணும் சொல்லணும். இனிமே நீங்க இதைப் பார்க்க வரக்கூடாது."

தங்கை நிமிர்ந்தாள்.

"ஆளைக் கண்டா ஓடி வருது. இப்படியே வெளியே விட்டா, யார் கையை நீட்டினாலும் போய் நிக்கும். ஒருத்தன் கல்லால அடிப்பான். மனுஷங்களை அது மறக்கணும். முதல்ல உங்களை."

"ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடுறேனே" என்றாள் தங்கை.

மருத்துவர் கூடாது என்று தலையை மட்டும் அசைத்தார். அதற்குள் அவள் குரலைக் கேட்டுவிட்டது பறவை. தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, வாயைப் பிளந்துகொண்டு, சோறு கேட்கிற அந்தக் கத்தல். விடாமல் கத்தியது. மீன் வெட்டுகிறவர் கூடக் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள்; தன் சத்தம் இன்னொரு தடவை அதன் காதில் விழுந்துவிடக் கூடாது என்று பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

இறகு அக்கா பின்னாலேயே போனாள். வாசல் கேட்டைத் தாண்டி, மீன் பெட்டிகள் அடுக்கிய சுவரோரம் தங்கை உட்கார்ந்திருந்தாள். தேற்றச் சொல்ல வந்ததெல்லாம் திட்டாகவே வந்தது. அதை மென்று விழுங்கினாள். மேலே, கொட்டகைக் கூரையில், இந்த வருடம் பிறந்த குஞ்சுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன.

"நீயாவது தினம் பார்ப்பே" என்றாள் தங்கை.

"எங்கே பார்க்கிறது. நானும் இனிமே முகத்தை மூடிக்கிட்டு, பேசாம, சாப்பாட்டை வச்சுட்டு வந்துடணும். என்னையும்தான் அது மறக்கணும்."

தங்கை மூக்கை உறிஞ்சினாள். "நீ பேசாம இருப்பியாக்கும்."

"எழுந்திரு."

"சீருடை எல்லாம் இன்னிக்குக் கொடுக்கணும். நான் போறேன்."

"நானும் வர்றேன். பொத்தானுக்குக் காஜா எடுக்க ஒரு கை இருந்தா சீக்கிரம் முடியும். ராத்திரியும் அங்கேயே இருக்கேன்."

"வீட்டுல மாமா?"

"சோறு வடிக்கத் தெரியும் அவருக்கு. தெரியாத மாதிரி நடிப்பார்."

தங்கை சந்தேகமாக அவளைப் பார்த்தாள். "நீ வந்தா திட்டிக்கிட்டே இருப்பேக்கா."

"திட்டுறதும் பேச்சுதான்டி" என்றாள் அக்கா.

தங்கை எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். இருவரும் நடந்தார்கள். தெருமுனை திரும்புவதற்குள் திட்டு ஆரம்பமாகிவிட்டது.